அணில் காட்டிக்கொடுத்த பை

மும்பை செம்பூரில் எங்கள் படுக்கையறை ஜன்னல் கிரில்லுக்குள் ஆறு பூந்தொட்டிகள் இருக்கின்றன. ஐந்து என் மனைவியுடையவை. ஆறாவதான கறிவேப்பிலைத் தொட்டி ஒரு அணிலுடையது. வெளியே நிற்கும் பாதாம் மரத்திலிருந்து தாவி வந்து, நான் காலையில் வைக்கும் வேர்க்கடலையில் ஒன்றைத் தின்னும். அடுத்ததை மண்ணைக் கிளறிப் புதைத்து, முன்னங்காலால் தட்டி மூடிவிட்டு, சுற்றுமுற்றும் பார்க்கும். அது போனதும் இன்னொரு அணில் வந்து அதே இடத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டு ஓடிவிடும். இருவர் கண்ணுக்கும் தப்பிய கடலை முளைத்துவிடும். இப்போது கறிவேப்பிலைக்குக் கீழே இரண்டு கடலைச் செடிகள் நிற்கின்றன. ரிட்டயர் ஆனவனுக்கு இதைவிட என்ன பொழுதுபோக்கு வேண்டும்?

ஆனால் மனதில் ஒரு முள் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் எனக்குச் சுகர் என்று டாக்டர் சொன்ன அன்றே என் மனைவி இனிப்பை வீட்டை விட்டுத் துரத்தினாள். அவளோ கடலை மிட்டாய்ப் பைத்தியம். கிங்ஸ் சர்க்கிள் தமிழ்க் கடைகளுக்கு எதற்குப் போனாலும் ஒரு பாக்கெட் வாங்காமல் திரும்ப மாட்டாள். மத்தியான டீயோடு ஒன்றைக் கடக்கென்று கடித்தால்தான் அவளுக்குப் பொழுது நகரும்.

"ஏட்டி, நீ தின்னு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"ஒங்களுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?" என்று முடித்துவிட்டாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பேச்சும் பிடிவாதமும் திருநெல்வேலி.

அதன் பிறகு வெறும் டீயைக் குடித்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவள் எழுந்து போவதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். என்னால்தானே இவளுக்கு இந்தக் கதி என்று மனசு அடித்துக்கொள்ளும்.

போன வாரம் ஒரு காலை, அணில் தன் தொட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூலையில் கவிழ்த்து வைத்திருந்த உடைந்த தொட்டியின் ஓட்டை வழியே தலையை நுழைத்து, எதையோ கவ்விக்கொண்டு மரத்துக்குப் பாய்ந்தது. மனைவி காய் வாங்கப் போயிருந்தாள். தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். ஓரம் கடிபட்ட பிளாஸ்டிக் பை. உள்ளே கடலை மிட்டாய்.

முதலில் கோபம்தான் வந்தது. நான் இங்கே குற்றவாளி போல முழித்துக்கொண்டிருக்க, இவள் செடியைச் சாக்கு வைத்துத் தின்றுகொண்டிருக்கிறாள்! ஆறு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற அரை மணி நேரமா என்று நானாவது ஒரு நாள் கேட்டிருக்க வேண்டாமா? அப்புறம் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம், சொல்வதற்கு என்ன, சந்தோஷம் பொங்கியது. என்னால் அவளுக்கு எதுவும் போகவில்லை. என் கண்ணெதிரே தின்ன மனம் வராமல்தான் ஒளித்திருக்கிறாள்.

ஆனால் அணிலுக்கு இடம் தெரிந்துவிட்டதே, மிச்சம் வைக்குமா? வாய் வைத்ததை எறிந்துவிட்டு, மற்றதை நன்றாக இறுகும் மூடியுள்ள ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அழுத்தி மூடி, பழையபடி தொட்டியைக் கவிழ்த்தேன். விரலில் ஒட்டிய வெல்லத்தை நக்கிக்கொண்டேன். இரண்டு அணில்களுக்கு அடுத்து மூன்றாவது திருடன் நான்.

மத்தியானம் டீ முடிந்ததும் அவள் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். தொட்டி நகரும் சத்தம் கேட்டது. பிறகு எவர்சில்வரில் நகம் வழுக்கும் சத்தம்.

கடைசியில் வந்து, டப்பாவை என் முன்னால் வைத்தாள்.

"இம்புட்டு இறுக்கமாவா மூடுவீய? எனக்குத் தொறக்கவே வரல. தொறந்து தாங்க."

திறந்து கொடுத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்து, கடக்கென்று கடித்தாள்.

"ஒங்களுக்குக் கெடையாது" என்றாள், வாய் நிறைய மிட்டாயோடு.