நான் கேட்கவிடாத கேள்வி

எழுபதுகளின் பிற்பகுதியில் எறணாகுளத்துக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் கற்பித்தேன். சட்டமன்ற உறுப்பினர்கள் கேள்வி நேரத்தில் எதைக் கேட்கிறார்கள், யார் சொல்லிக் கேட்கிறார்கள் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. சபை கூடாத நாட்களில் எங்கள் தொகுதி உறுப்பினரை மட்டாஞ்சேரிப் படகுத்துறை அருகே அவர் வீட்டில் சந்திப்பேன். ஆராய்கிறவனே ஒரு கேள்வியைத் தூண்டிவிட்டால் ஆய்வு கெட்டுவிடும். அதில் பிடிவாதமாக இருந்தேன்.

எங்கள் தெருவில் கிணற்று நீர் உப்பு. பொதுக்குழாயில் விடியுமுன் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். என் மனைவி குடத்தோடு வரிசையில் நிற்பாள்.

"அவரோட உக்காந்து சாயா குடிக்கறேளே, தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"ஆராய்ச்சிக்குச் சரிவராது."

"அப்போ ஆராய்ச்சியக் குடத்துல பிடிச்சு வைக்கட்டுமா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

உறுப்பினர் என்னிடம் மலையாளம் கலந்த அரைத் தமிழில்தான் பேசுவார்; வாத்தியார் என்பதால் நான் அவருக்கு 'மாஷ்'. ஒருநாள் அவராகவே கேட்டார்: "மாஷே, எல்லாரும் என்கிட்ட எதாவது கேக்கும், நீங்க மட்டும் ஒண்ணும் கேட்கறதில்ல. உங்க தெருவில குடிவெள்ளத்துக்கு, தண்ணிக்கு, கஷ்டம் உண்டோ?"

"இல்லை" என்றேன். உண்மையைச் சொன்னால் அவர் அதைச் சபையில் கேட்பார், அந்தக் கேள்வி என்னால் எழுந்ததாகிவிடுமே என்ற ஒரே பயம்.

கோடையில் அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். மக்கள் எப்படி முறையிடுகிறார்கள் என்று பார்க்க நானும் பின்னால் போனேன். குழாயடியில் பெண்கள் தண்ணீர் இல்லையென்று அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் திகைத்து என்னைக் காட்டினார்: "கஷ்டம் ஒண்ணும் இல்லன்னு இந்த மாஷ்தானே சொன்னது!"

"மாஷ் குளிக்கிறது கல்லூரியிலயாக்கும்!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் மனைவியும் நின்றாள். காலிக் குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அந்த வாரமே பாலக்காட்டிலிருந்த தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். கொஞ்ச நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்து ஆய்வை எழுதி முடித்தேன். தேர்வாளர்கள் என் நடுநிலையைப் பாராட்டினார்கள். அந்தச் செய்தியோடுதான், வெட்கமில்லாமல், அவளை அழைக்கப் போனேன்.

"எனக்காக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்னேள். சரி, அது உங்க கொள்கைன்னு இருந்தேன்" என்றாள். "ஆராய்ச்சிக்காகப் பொய் சொல்லத் தெரிஞ்சுதே. அது என்ன கொள்கை?"

அண்ணன் மனைவி சாப்பிடச் சொன்னாள், சாப்பிட்டேன். மாலை வண்டியில் தனியாகத் திரும்பினேன். அடுத்த ஆண்டுகளிலும் சட்டமன்றங்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறெதையும் பேச ஆள் இல்லை.