நவமணி சுமந்து வந்த பொரி

இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் பழுது என்று மருத்துவர் சொன்னபோது நவமணிக்கு வயது நாற்பத்திரண்டு. 1991ஆம் வருடம். மின்னணுத் தொழிற்சாலையில் பதினாறு வருடமாகப் பரிசோதகர் வேலை. பூதக்கண்ணாடிக்குக் கீழே நகரும் பாகங்களில் குறையுள்ளதைப் பொறுக்கித் தள்ளுவாள். மருந்தோடு சாப்பாட்டையும் கட்டுப்படுத்தினால் டயாலிசிசைச் சில வருடம் தள்ளிப் போடலாம் என்றார் மருத்துவர். மகளுக்கு அப்போது பதினாறு வயது, பள்ளியில் நான்காம் படிவம். அவள் படித்து முடிக்கும்வரை அந்தச் சில வருடத்தை எப்படியும் வாங்கிவிடுவது என்று நவமணி முடிவு செய்தாள்.

காலையில் கேண்டீனில் சாப்பிடும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் நின்றது. மருத்துவமனையில் உணவு ஆலோசகர் ரொஸ்னா, அதற்குப் பதில் பெட்டியில் விற்கும் உப்புக் குறைந்த அரிசி சீரியலோ சோள சீரியலோ ஒரு கப், அதற்கு அரைக் கப் பால், அதற்குமேல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

ஜுரு என்ற ஊரில் கார் பட்டறையில் வேலை செய்யும் கணவன் வாசு அன்று சாயங்காலமே ஒரு சீரியல் பெட்டியோடு வந்தான். தவிடு, முந்திரி, உலர்ந்த திராட்சை எல்லாம் கலந்தது.

"இருக்கறதுலயே நல்லது இதான்னு கடையில சொன்னாங்க, மணி."

நவமணி பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தாள். "நல்லதுதாங்க. உங்களுக்கு. தவிடும் முந்திரியும் என் கிட்னிக்கு ஆகாதுன்னு ரொஸ்னா சொல்லியிருக்கா. நீங்க சாப்பிடுங்க லா."

மறுநாள் கடையில் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பார்த்தாள். தவிடு இல்லாததில் உப்பு கூடுதலாக இருந்தது. வரிசையில் நின்ற கடைசிப் பெட்டியையும் வைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாள். பெட்டியில் அரிசியைப் பொரித்து அடைத்து விற்கிறார்கள். நம் பொரியும் அதுதானே என்று பஸ் நிறுத்தத்தில்தான் தோன்றியது. வீட்டுக்குப் போகவில்லை. நேரே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பொரி விற்கும் பஷீர் கடைக்குப் போனாள்.

ஒரு பொரியை நாக்கில் வைத்தாள். "உப்புத் தண்ணி தெளிச்சதா, தம்பி?"

"ஆமாக்கா. இல்லாட்டி யாரு வாங்குவா?"

"நான் வாங்குவேன். உப்பே இல்லாம பொரிச்சுத் தரச் சொல்ல முடியுமா?"

"சொல்லலாம். ஆனா கொஞ்சமா பொரிக்க மாட்டாங்க. ரெண்டு கிலோ எடுத்துக்கணும்."

இரண்டு கிலோ பொரி எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அடுத்த சனிக்கிழமைதான் அவளுக்குத் தெரிந்தது. மூட்டை இடுப்புவரை வந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்தால் முன்னால் எதுவும் தெரியவில்லை. கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழிக்கட்டுமா என்று கேட்டார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ஒரு கைப்பிடியை ரொஸ்னாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ரொஸ்னா வாயில் போட்டுப் பார்த்து, தராசில் நிறுத்து, தாளில் இருந்த பெட்டிச் சீரியலை அடித்துவிட்டு 'பொரி' என்று எழுதிக்கொண்டாள்.

ருசி என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. பால் பட்டதும் நமுத்துப் போகும். முதல் மாதம் கேண்டீனில் தோழிகளின் சோற்றிலிருந்து சம்பல் என்ற மிளகாய்த் துவையலின் வாசனை வந்தபோதெல்லாம் அவர்கள் தட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். இரண்டாம் மாதம் அவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட்டாள்.

ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் சிறுநீரகப் பழுதைக் காட்டும் எண் மெல்லத்தான் ஏறியது. 1998இல் மருத்துவர், இனி டயாலிசிசைத் தள்ளிப் போட முடியாது என்றார். மகள் ஆசிரியை வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"சரி டாக்டர், எந்தக் கிழமை வரணும்?" என்று கேட்டாள் நவமணி.