சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு அக்கா

டெலிபோன் அம்மாவைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. அவர் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. வெளிநாட்டுக்குப் பேச வேண்டுமானால் எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டு மணி அடிக்கும்வரை வீட்டில் தவம் கிடக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. அப்போது தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பலகையில் ஒயரைச் செருகி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் முடிச்சுப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

எதையும் கேட்காமல் விடமாட்டார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் புகார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் காலி சிலிண்டர் எங்கே போய் நிரம்புகிறது என்று கேட்பார். பல் டாக்டரிடம் ஒருமுறை, இதுவரை பிடுங்கிய பற்களையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்டு, ஊசி குத்த வந்த மனிதரை யோசிக்க வைத்துவிட்டார்.

அவருக்குக் கடல் தாண்டி ஒரு சிநேகிதி இருந்தார். அந்தப்பக்கத்து எக்ஸ்சேஞ்சில் இதே வேலை பார்த்தவர். முதலில் சில மாதங்கள் இருவரும் 'ஹலோ', 'ஹோல்ட் ஆன்', 'ஸ்பீக் ஆன்' என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. ஒருநாள் ஒரு சாவுச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துபோக, அந்தப்பக்கத்துக் குரல் தன்னை மறந்து முணுமுணுத்தது. "ஐயோ, பாதியிலே கட்டாயிடுச்சே."

டெலிபோன் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அக்கா, நீங்க தமிழா?"

"ஆமாக்கா. நீங்களுமா?"

அப்படி ஆரம்பித்தது. அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவராம் அவர். சூப்பர்வைசர் காதில் விழாமல், ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை என்று பேசினார்கள். ஒரு வீட்டு விசேஷத்தை முழுதாகச் சொல்லி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். இருவருமே ஒருவரையொருவர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதைக் கேட்டால் யாராவது ஒருத்தி தங்கையாகிவிட வேண்டியிருக்கும் என்பதால் அதை மட்டும் டெலிபோன் அம்மாகூடக் கேட்கவில்லை. வீட்டில் அந்தச் சிநேகிதிக்கு அக்கரை அக்கா என்று பெயர் விழுந்தது.

நேரடி டயல் வந்து, பலகையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் பேச்சு நிற்கவில்லை. செல்போன் வந்தது. முகம் பார்த்துப் பேசும் வசதியும் வந்தது. ஒருநாள் டெலிபோன் அம்மாவின் மகள் வீடியோவைத் தட்டப்போக, அந்தப்பக்கத்திலிருந்து அக்கரை அக்கா அவசரமாகத் தடுத்தார். "வேணாம்மா. முகத்தப் பாத்தா எனக்குப் பேச்சு மறந்துடும். எங்க ரெண்டு பேருக்கும் காதுதான் பழக்கம்."

அக்கரை அக்காவின் கணவர் இறந்து ஒரு வருஷம் கழிந்த பின், ஒரு மதியம், வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று அழைப்பு வந்தது. டெலிபோன் அம்மா யோசிக்கக்கூட இல்லை, வருகிறேன் என்று சொல்லிவிட்டார். போனை வைத்த கையோடு பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கித் துடைத்தார். மனதில் இருப்பது பயமா ஆசையா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மகளுக்குத் துளியும் பிடிக்கவில்லை. "முகமே தெரியாதவங்க வீட்டுக்காம்மா தனியாப் போறே?"

"முகம் தெரிஞ்சவங்க வீட்டுக்கெல்லாம் போய்ப் பாத்தாச்சே," என்றார் அம்மா.

கணவர் தையல்காரர். மொட்டைமாடிக்குப் போனாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர். விமானம் என்ற பேச்சு வந்ததுமே மெஷினை வேகமாக மிதிக்க ஆரம்பித்துவிட்டார். சற்று நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே சொன்னார். "நான் தரையிலயே இருந்துக்கிறேன். நீ போய்ப் பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லு. எனக்கு அது போதும்." மறுநாள் மிச்சமிருந்த கோட்டுத் துணியில், பாஸ்போர்ட் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பை தைத்தார். மாட்டிவிட்டு, வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். வார் நீளம் என்று சொல்லிக் கழற்றி வாங்கி, மறுபடி அரை அங்குலம் பிடித்துத் தைத்தார்.

விமான நிலையத்தில் மகள் கண்ணாடிக் கதவோடு நின்றுவிட, உள்ளே போனது டெலிபோன் அம்மா மட்டும்தான். பெட்டியை ஒரு கறுப்புப் பட்டை இழுத்துக்கொண்டு போய், தொங்கும் ரப்பர் திரைக்குப் பின்னால் விழுங்கியது. அதற்கப்புறம் அது எங்கே போகும் என்று கவுண்டர் பெண்ணிடம் கேட்டார். கீழே போகும் என்றாள். கீழே என்றால் யார் தூக்குவார்கள் என்றதற்கு, தனக்கும் கீழே போய்ப் பார்க்க வாய்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டாள் அந்தப் பெண். சோதனை மேடையில் கைப்பையைத் தட்டில் வைத்துவிட்டு, எக்கி நின்று எக்ஸ்ரே திரையை எட்டிப் பார்த்தார். தன் சீப்பின் பற்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அதை ரசிப்பதற்குள் காவலர் நகரச் சொல்லிவிட்டார்.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு வெல்டர். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர். பெல்ட்டைப் போட்டதும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கிப்போனார். டெலிபோன் அம்மாவுக்குக் கண்ணை மூட மனமில்லை. விமானம் தரையை விட்டபோது காது அடைத்தது. பிழைப்பு நடத்திய காது என்பதால் அதற்கு மட்டும் கொஞ்சம் பதறினார். எச்சிலை விழுங்கியதும் சரியாயிற்று. அப்புறம் ஒன்றைக் கவனித்தார். அவ்வப்போது மேலே 'டிங்' என்று ஒரு மணி கேட்டது. சில சமயம் ஒற்றையாக, சில சமயம் இரண்டு சுருதியில். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒற்றை மணி அடித்தால் ஏதோ ஒரு பயணியின் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. இரட்டை மணி அடித்தால் பணிப்பெண்கள் சுவரில் மாட்டியிருந்த ரிசீவரை எடுத்தார்கள். ஆக, இங்கேயும் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச் ஓடுகிறது. தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண்ணிடம் தன் கணக்கு சரியா என்று கேட்டார். சரிதான் என்று சிரித்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்தபோது தனக்கு இதை வகுப்பில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள் அவள்.

நடுவில் ஒரு நாட்டில் இறங்கி வேறு விமானம் பிடிக்க வேண்டியிருந்தது. தானாக நகரும் நடைபாதையைப் பார்த்ததும் டெலிபோன் அம்மா நின்றுவிட்டார். வெல்டர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். மறுமுனை வந்ததும், எதிர்ப்பக்கப் பாதையில் திரும்பிப் போய் இன்னொருமுறை வந்தார். "போதும்மா, ஃப்ளைட்ட விட்டுடுவீங்க," என்று வெல்டர் கெஞ்ச வேண்டியதாயிற்று. சரியான வாசலில் அவரை உட்காரவைத்துவிட்டுத்தான் தன் விமானத்துக்கு ஓடினார் அந்த மனிதர்.

இறங்கிய இடத்தில் காலை வெயில் கண்ணாடி வழியாக நீளமாக விழுந்திருந்தது. குடியேற்றக் கவுண்டரில் இருந்த இளம் அதிகாரி, யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். டெலிபோன் அம்மாவுக்கு எக்ஸ்சேஞ்ச் ஆங்கிலம் கைவசம் இருந்தது. சிநேகிதியை என்றார். எத்தனை வருஷப் பழக்கம் என்றதற்கு, முப்பது இருக்கும் என்றார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

"பார்த்ததே இல்லை."

அதிகாரியின் கை பாஸ்போர்ட் மேல் நின்றது. அவர் எப்படி இருப்பார் என்று கேட்டார். தெரியாது என்று உள்ளதைச் சொன்னார் டெலிபோன் அம்மா. பாஸ்போர்ட் மூடப்பட்டது. பின்னாலிருந்த ஒரு சிறிய அறைக்கு அவரை அழைத்துப் போனார்கள்.

மேஜை, மூன்று நாற்காலி, ஜன்னல் இல்லாத சுவர், மூலையில் தண்ணீர் கேன். எதிரே மூத்த பெண் அதிகாரி ஒருவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். டெலிபோன் அம்மாவுக்கு ஒரே கவலை. திருப்பி அனுப்பிவிட்டால் கணவரிடம் போய் என்ன சொல்வது? நகரும் நடைபாதையைப் பற்றி மட்டும் எத்தனை நாள் சொல்ல முடியும்? ஆனாலும் கண் அடங்கவில்லை. மேஜைமேல் இருந்த டெலிபோனில் பொத்தான்கள் ஏன் அத்தனை வரிசை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அந்த டெலிபோனில்தான் அக்கரை அக்காவின் எண்ணை அழுத்தினார். அறைக்கே கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார். எதிர்முனையில் பழகிய அந்தத் தடித்த குரல் வந்ததும் டெலிபோன் அம்மாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அக்கா, லைன் க்ளியரா இருக்கா?"

"க்ளியர்க்கா, பேசுங்க. எங்க இருக்கீங்க? நான் வெளிய வந்து ஒரு மணி நேரமா நிக்கிறேன்."

அதிகாரி கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார். எத்தனையோ தமிழர்கள் அவர் கவுண்டரைக் கடந்து போயிருந்ததால் உறவு முறைகள் சில அவருக்கு அத்துப்படி. அக்கா என்றால் மூத்த சகோதரி, இல்லையா? நீங்கள் சிநேகிதி என்றீர்கள். அதுவும் போகட்டும், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எப்படி மூத்தவராக இருக்க முடியும்? பிறகு ஸ்பீக்கரிலிருந்து, அது மரியாதைக்காக என்று மெல்லிய பதில் வந்தது. அதிகாரி விடவில்லை. அக்கரை அக்காவின் பிறந்த தேதியைக் கேட்டு வாங்கி, பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு, தீர்ப்பைப் படித்தார். டெலிபோன் அம்மாதான் மூத்தவர், மூன்று வருஷம்.

"போச்சு," என்றது ஸ்பீக்கர். "இனிமே நான் தங்கச்சியா?"

அதிகாரி பிறகு ஒருவரைப் பற்றி மற்றவரிடம் கேட்க ஆரம்பித்தார். இவர் கணவரின் தொழில் என்ன? தையல், உயரம் என்றால் பயம், சர்க்கரை உண்டு ஆனால் ஒளித்துத் தின்பார் என்றது ஸ்பீக்கர். அவர் மகன் எங்கே? வடக்கே ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், மனைவியோடு சண்டை போட்டால் அம்மாவுக்கு போன் செய்வான் என்றார் டெலிபோன் அம்மா. அவன் மனைவிக்கு ஒரு காது மந்தம், அதனால்தான் சத்தமாகப் பேசுகிறாள், கோபத்தில் இல்லை என்பதைத் தானே கண்டுபிடித்துச் சொன்னதாகவும் சேர்த்துக்கொண்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். தன் சொந்தத் தங்கையைப் பற்றி இதில் பாதிகூடத் தனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே முத்திரையைக் குத்தினார். கதவைத் திறந்துவிட்டு இடது பக்கம் கையைக் காட்டினார். வெளியே போகும் கூடம் அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம்தான். இவ்வளவு தூரம் பறந்து வந்தும், இத்தனை நேரமும் இருவரும் ஒரு சுவரை நடுவில் வைத்துக்கொண்டு போனில் பேசியிருக்கிறார்கள்.

அந்தக் குரலுக்கு ஒரு பெரிய உடம்பைக் கற்பனை செய்து வைத்திருந்தார் டெலிபோன் அம்மா. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், அங்கே நின்றது ஒரு குருவி. தோளில் நிற்காத பெரிய கோட்டு, அதற்குள் சின்ன முகம். இவர் கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருக்க, குருவி கிட்டே வந்து, "நான்தான்," என்றது. கையைப் பிடித்துக்கொண்டார்கள், விட்டார்கள், பெட்டியை யார் தள்ளுவது என்று கொஞ்சம் தள்ளுமுள்ளு. அவ்வளவு வருஷம் ஓயாத பேச்சு, முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. தப்பு செய்துவிட்டோமோ என்று டெலிபோன் அம்மாவுக்கு ஒரு கணம் திக்கென்றது.

காரில் ஏறிய பிறகுதான் சரியாயிற்று. அக்கரை அக்கா ரோட்டைப் பார்த்து ஓட்டினார். இவர் ஜன்னலைப் பார்த்தார். முகம் கண்ணில் படாததும் குரல் பழைய குரலாகிவிட்டது. "காலைல ஏதாவது சாப்பிட்டீங்களாக்கா?" என்று ஆரம்பித்த பேச்சு, வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்த பின்னும் காருக்குள்ளேயே ஓடியது.

முதல் சில நாள் வீட்டிலும் அப்படித்தான். ஒருவர் சமையலறையில், ஒருவர் நடுக்கூடத்தில். கதவுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக இருந்தால் பேச்சு சரளமாக வரும். எதிரெதிரே உட்கார்ந்தால் இருவரும் டம்ளரைப் பார்ப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குரலும் முகமும் ஒட்டின. அக்கரை அக்கா பேசும்போது இடது புருவம் மட்டும் உயர்வதை டெலிபோன் அம்மா கண்டுபிடித்தார். அந்தப் புருவம் பொய் சொல்லும்போதும் உயர்கிறது என்பதை அடுத்த வாரம் கண்டுபிடித்தார். அன்று இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

அந்த அடுக்குமாடி வீட்டின் ஜன்னலோரம் டெலிபோன் அம்மாவுக்கென்று ஒரு நாற்காலி அமைந்துவிட்டது. தினமும் காலையில் காபியோடு அங்கே உட்காருவார். கீழே நடைபாதையில் ஒரு மனிதர் ஏழெட்டு நாய்களை ஒரே கையில் பிடித்துக்கொண்டு போவார். பெரியது, சிறியது, சடை, மொட்டை என்று ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத நாய்கள். ஆனால் ஒரு கயிறும் இன்னொன்றோடு சிக்கவில்லை.

"அவர் யாரு? அத்தனையும் அவர் வீட்டு நாய்களா?"

அக்கரை அக்கா பின்னால் வந்து நின்று பார்த்தார். "தெரியல. ரொம்ப வருஷமா போறாரு."

"கேட்டதே இல்லையா?"

"இல்லையே," என்றார் அக்கரை அக்கா. தான் கேட்காமல் விட்டது இன்னும் என்னென்ன என்று யோசிக்கிற முகம். பிறகு அடுப்பை அணைத்தார். "வாங்க, போய்க் கேப்போம்."

வீட்டுச் செருப்போடு இரண்டு பேரும் லிஃப்டில் இறங்கினார்கள். அந்த மனிதர் முனையில் திரும்பப் போகையில் எட்டிப் பிடித்தார்கள். ஒன்றுகூடத் தன்னுடையது இல்லை என்றார் அவர். வேலைக்குப் போகிறவர்களின் நாய்களை நடத்திக்கொண்டு போவதுதான் தன் தொழிலாம். கயிறு சிக்காத வித்தையைக் கேட்டதற்கு, எந்த நாய்க்கு எந்த நாயைப் பிடிக்காது என்று தெரிந்துகொண்டால் போதும் என்று சொல்லி, ஒரு குட்டை நாயின் கயிற்றை டெலிபோன் அம்மாவின் கையில் கொடுத்தார். அது அவர் செருப்பை ஒருமுறை முகர்ந்துவிட்டு, முன்னால் இழுக்க ஆரம்பித்தது.