நிற்கும் படகில் ஒட்டுவது

செய்யூர் பஸ் என்னைக் கழிமுகத்தருகே இறக்கிவிட்டுப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை. சிறுசேரி அறையில் பேச ஆளில்லாமல் கிளம்பி வந்திருக்கிறேன்.

ஸ்பானிய ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. வாரம் முழுக்க ‘சேசில்’ என்ற ஒரே சொல் என்னை விடவில்லை. தாவர நூலில் அது காம்பில்லாத இலையைக் குறிக்கும். மருத்துவ அறிக்கையில், காம்பில்லாமல் குடலோடு அப்பி வளரும் கட்டியை. கடலியலிலோ, ஒட்டிய இடத்தை ஆயுளுக்கும் விடாத உயிரை.

அந்த உயிர் இங்கே கண்முன்னால் இருக்கிறது. நீர் விளிம்பில் சாய்ந்து கிடக்கும் சின்ன ஃபைபர் படகின் அடியெல்லாம் கொட்டலசு என்னும் சின்ன ஓட்டுயிர்கள். ஒருவர் தனியாகக் குந்தி, இரும்புத் தகட்டால் சுரண்டுகிறார். வெள்ளை ஓடுகள் கறகறவென்று உதிர்கின்றன.

“எல்லாப் படகுலயும் இப்படி ஒட்டுமா?”

“கடலுக்குப் போயி வந்துகினு கீற போட்டுல ஒட்டாது சார். தெனம் கரையில இழுத்துப் போட்டுடுவோம். சும்மா தண்ணியில நின்னுகினு கீதே, அதுலதான் ஒட்டும்.” கை நிற்கவில்லை. “இது எங்க அண்ணன் போட்டு. அவரு தவறிட்டாரு. அதுலேர்ந்து எடுக்கல.”

கடைசி ஓடும் உதிர்ந்ததும் நிமிர்கிறார். “ஒரு கை குடு சார்.”

இருவரும் தோள் கொடுத்துத் தள்ளுகிறோம். படகு நழுவி நீரில் இறங்குகிறது. அவர் தாவி ஏறி எஞ்சினைக் கிளப்பி, திரும்பிப் பார்க்காமல் முகத்துவாரத்துக்கு விடுகிறார்.

சத்தம் தேய்ந்து அடங்குகிறது. நான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே இருக்கிறேன்.