என் வீட்டை எழுதாமல் விட்டேன்

திருத்தணியில் காலரா கண்டபோது மூன்று பேர் சேர்ந்து வேலை செய்தோம். வீடு வீடாகப் போய், யாருக்குப் பேதி என்று நான் எழுதுவேன். அந்த வீடுகளின் கிணற்றுத் தண்ணீரை இன்னொருவர் சோதிப்பார். இரண்டையும் டாக்டர் ஒத்துப் பார்ப்பார்.

என் மனைவிக்குப் பேதி ஆனது. நான் எழுதவில்லை. இரண்டாம் நாள் மகளுக்கும் பேதியாகிக் கை கால் சில்லிட்டுப்போனது. தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

அங்கிருந்த தண்ணீர் சோதிப்பவர் என் நோட்டைப் புரட்டினார். "உன் தெருவுல ஒருத்தருக்கும் இல்லன்னு எழுதிகினு வந்தியேப்பா. அதான் அந்தக் கிணத்த நான் பாக்கல."

"எங்க ஊட்ல இருந்திச்சிங்க. நம்ம ஊடாச்சே, எதுக்குன்னு உட்டுட்டேன்."

"உன் ஊட்ல இருக்கறவங்க மனுசங்க இல்லியா?"

மனைவியும் மகளும் பிழைத்தார்கள். எதிர்வீட்டில் அதன்பிறகு பேதி கண்டு இருவர் இறந்தார்கள். அவர்களுக்கும் அதே கிணறுதான்.

இப்போது என் வீட்டை எழுதிவிட்டுத்தான் தெருவில் இறங்குகிறேன். டாக்டர் வீட்டிலும் கேட்கிறேன்.