சோத்துக்கு என்ன சோலி

பேரன் பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. எங்கள் ஊர் பரளச்சிக் கண்மாய் நினைவுக்கு வந்தது.

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது, கிணறு வெட்ட உதவ வந்த ஓர் இங்கிலாந்துக்காரர் எங்கள் ஊரில் தங்கியிருந்தார். நொண்டி நடப்பார்.

“ஒங்க ஊர்ல என்ன சோலி பாத்தீக?” என்று அப்பா கேட்டார்.

“பந்து விளையாடினேன். பத்து வருசம். முட்டி போச்சு.”

“அது சரி. சோத்துக்கு என்ன சோலி?”

“பந்து விளையாடத்தான் சம்பளம் குடுத்தாங்க.”

அப்பா சிரித்தார். “தொரை நல்லாப் புளுகுறாக.”

இனி உதைத்தால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ஆனாலும் அவர் எங்கள் பந்தை வாங்கி வற்றிய கண்மாயில் வைத்தார். தூரத்துக் கருவேல மரத்தைக் கைகாட்டிவிட்டு உதைத்தார். பந்து நேரே போய் அடிமரத்தில் அடித்தது.

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பாதான் தோளில் தூக்கிவந்தார்.

வழியெல்லாம், “குடுக்கலாம்யா, சம்பளம் குடுக்கலாம்” என்றார்.