நாற்பது விநாடிக் காட்சியோடு கல்லிடைக்குறிச்சிக்கு

பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை கல்லிடைக்குறிச்சிக்குப் போய்வந்தேன். ஒரே ஒரு நாள்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருடம் ஊர் ஊராகச் சுற்றியதில் இப்படி ஒரு பயணம் எனக்கு வாய்த்ததில்லை!

நான் பெங்களூரில் அனிமேஷன் படம் வரைகிறவள். இப்போது வரைவது எங்கள் குடும்பக் கதை, எட்டு நிமிடப் படம். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் என் கொள்ளுத்தாத்தா நெல்லையப்பன் கல்லிடைக்குறிச்சியில் ஒரு சைவ வீட்டிலிருந்து கிளம்பி, அப்போது புதிதாக வந்திருந்த ரயிலில் ஏறி, பாளையங்கோட்டைக்குப் போய் ஞானஸ்நானம் பெற்று சாமுவேல் ஆனார். அன்றைக்கே அவருடைய அண்ணன் சிதம்பரம், தம்பி செத்துவிட்டதாக வைத்து ஆற்றில் தலைமுழுகினார். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அதோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றுபோனது.

அந்தத் தலைமுழுகல்தான் படத்தின் உயிர். நாற்பது விநாடி, நானூற்று எண்பது படங்கள், மூன்று மாத உழைப்பு. அதிலிருந்து வீட்டு வாசலை மட்டும், கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் ஊரையும் குறிப்பிட்டு இணையத்தில் போட்டிருந்தேன். "இது எங்க வீட்டு வாசல்லா?" என்று ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் சங்கரி அக்கா. அம்பாசமுத்திரத்தில் வங்கி வேலை, சிதம்பரத்தின் கொள்ளுப்பேத்தி! வீட்டுக்கு வரச் சொன்னார். அவருடைய பூட்டனைக் கல்நெஞ்சராகக் காட்டும் காட்சியை அவரிடமே போட்டுக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் படத்தையே கைவிடுவதாக முடிவு செய்திருந்தேன்.

பாளையங்கோட்டையில் இருக்கும் அப்பாவைக் கூப்பிட்டேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், மனதுக்குள் போட்ட கணக்கை அழிக்கமாட்டார். "நம்மளத் தலைமுழுகுனவங்க வீட்டுக்கு நான் எதுக்கு? நீ வேணா போ" என்றார்.

திருநெல்வேலி சந்திப்பில் காலை 7.05க்குச் செங்கோட்டை பாசஞ்சர். டிக்கெட் பத்து ரூபாய். ஏறக்குறைய 35 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். இடப்பக்கம் ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். வீரவநல்லூர் தாண்டியதும் வயலுக்குப் பின்னால் மலை எழுந்து நிற்கும். என் படத்தில் அந்த மலைக்கு நீலம் பூசியிருந்தேன். நேரில் அது சாம்பல். முதல் தவறு!

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ அறுபது ரூபாய். என் பையைப் பார்த்த ஓட்டுநர் அண்ணாச்சி, "சினிமா எடுக்க வந்திருக்கியளோ?" என்றார்.

"கார்ட்டூன் படம், அண்ணாச்சி."

"சின்னப் பிள்ளைகளுக்கா?"

"இல்ல, எங்க பூட்டனுக்கு."

அவர் கண்ணாடியில் இரண்டு தரம் என்னைப் பார்த்துக்கொண்டார்.

சங்கரி அக்கா இட்லி வைத்தார், நலம் விசாரித்தார். கடைசியில் மடிக்கணினியைத் திறந்து காட்சியை ஓடவிட்டேன். சிதம்பரம் துண்டோடு ஆற்றுக்குப் போகிறார், மூன்று முறை முங்குகிறார், ஈரத்தோடு திரும்புகிறார். அக்கா இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"ஆத்துக்குப் போனது நெசந்தான். தெருவே கூடிநின்னு தலைமுழுகிட்டு வான்னு அனுப்பிச்சாம். ஆனா படியில உக்காந்துட்டு அப்படியே வந்துட்டாரு. தலை நனையல, எஸ்தர்."

"எங்க பூட்டன் பாத்ததாச் சொல்லுவாங்களே, அக்கா?"

"வண்டியில போறவரு திரும்பிப் பாத்தா என்ன தெரியும்? துண்டும் முதுகுந்தான் தெரியும்."

வெளியூருக்கு ஆள் கிளம்பிப் போனதும் வீட்டைக் கூட்டக்கூடாது, தலைக்கு ஊற்றக்கூடாது என்பது நம் ஊர்களில் தெரிந்ததுதான். அதெல்லாம் பிணம் போன வீட்டில் செய்வது. சிதம்பரம் அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டாராம். தம்பி பத்திரமாகப் போய்ச் சேர்ந்த சேதி தெரியாமல் யாரும் துடைப்பத்தைத் தொடக்கூடாது என்றிருக்கிறார். தம்பியின் தபால் கார்டு வர எட்டு நாள் ஆனது. எட்டு நாளும் வீடு குப்பையாகவே கிடந்தது.

"பதில் போட்டாரா?"

"போடல. கார்டைப் படிச்சிட்டு, 'கூட்டுங்க'ன்னாராம். அவ்வளவுதான்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மூன்று மாத உழைப்பு ஆற்றோடு போயிற்று, ஆனால் எத்தனை நல்ல காட்சி கிடைத்திருக்கிறது! அங்கேயே உட்கார்ந்து, ஆற்றுப் படியில் காய்ந்த தலையோடு இருக்கும் ஒரு மனிதரை வரையத் தொடங்கிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: திரும்புவதற்கு ரயிலை நம்பாதீர்கள், பேருந்து அடிக்கடி உண்டு, ஒன்றேகால் மணி நேரம், முப்பத்தைந்து ரூபாய். இந்த ஊருக்குப் பேர்போன அப்பளம் வாங்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். குடும்பக் கதையைப் படமாக்குகிறவர்கள் இறுதி வண்ணம் பூசும் முன்பே எதிர்த்தரப்பு வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். நான் பிந்திப் போனேன்.

மூன்று மணிப் பேருந்தில் கிளம்பி ஐந்து மணிக்குப் பாளையங்கோட்டை வீட்டுக்குள் நுழைந்தேன். நுழைந்ததுமே அப்பாவிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறு மணிக்கு என் போன் அடித்தது. சங்கரி அக்கா.

"ஏட்டி, போய்ச் சேந்தியா இல்லியா? விளக்கேத்துற நேரம் ஆயிட்டு, இங்கன வீடு கூட்டாமக் கெடக்கு!"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா போனை வாங்கிக்கொண்டார்.

"தாயி, நான் சாமுவேலுக்குப் பேரன் பேசுதேன்" என்றார். "பிள்ள வந்து சேந்துட்டா. நீ வீட்டைக் கூட்டு."